அச்சிடும்போது துண்டாகும் இணையப் பக்கம்: காரணம் என்ன?

புது தில்லி: தேர்வு நுழைவுச்சீட்டை இணையத்திலிருந்து நேரடியாக அச்சிடும்போது, புகைப்படம் முதல் தாளிலும் கையொப்பம் அடுத்த தாளிலும் விழுவதுண்டு. திரையில் ஒழுங்காகத் தெரிந்த பக்கம் தாளில் ஏன் சிதைகிறது?

திரையில் பக்கத்தின் நீளத்துக்கு வரம்பில்லை. ஏ4 தாளின் உயரமோ 297 மில்லிமீட்டர் மட்டுமே. அது நிறைந்ததும் பிரவுசர் பக்கத்தை வெட்டிவிடுகிறது. எங்கு வெட்டலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்பதைத் தளத்தின் வடிவமைப்பாளரே குறிப்பிட வேண்டும். இதற்கான கட்டளைகள் 1998-ஆம் ஆண்டு வெளியான சிஎஸ்எஸ் 2 தரநிலையிலேயே இடம்பெற்றுள்ளன. தற்போது ‘பிரேக்-இன்சைடு: அவாய்ட்’ என்று ஒரு வரி சேர்த்தால், புகைப்படமும் கையொப்பமும் அடங்கிய கட்டம் பிளவுபடாமல் அப்படியே அடுத்த தாளுக்கு நகரும், அந்தக் கட்டம் ஒரு தாளுக்குள் அடங்குவதாக இருக்க வேண்டும், அவ்வளவே. விளம்பரங்களை அச்சில் மட்டும் மறைக்கவும் வழியுண்டு. இவ்வளவு எளிய வசதி இருந்தும், திரையை மட்டுமே மனத்தில் கொண்டு உருவாக்கப்படும் தளங்கள் ஏராளம்.

அத்தகைய தளங்களில் பயனர் செய்யக்கூடியது, அச்சு முன்னோட்டத்தைக் கவனிப்பதே. தாள் அளவு ‘லெட்டர்’ என்றிருந்தால் உயரம் சுமார் 279 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும்; அதை ஏ4 என மாற்ற வேண்டும். ஓரிரு வரிகளே மிஞ்சினால் ‘ஸ்கேல்’ அளவை 90 சதவீதமாகக் குறைக்கலாம். மிகவும் குறைத்தால் பார்கோடு கருவிக்குப் புலப்படாமல் போகக்கூடும். பிரவுசிங் சென்டர் செல்வோர், முதலில் பிடிஎஃப் கோப்பாகச் சேமித்துப் பக்கங்களைச் சரிபார்த்த பின் அச்சிடுவது காசை மிச்சப்படுத்தும்.