மோல்ற்றா வல்லூறும் இன்றைய பார்வையாளரும்

கலைப் படைப்பொன்று தோன்றிய காலத்துப் பார்வையாளர் அதனுள் கண்டவற்றையே பின்வரும் தலைமுறையினரும் காண்பர் என எதிர்பார்த்தல் பொருந்தாது. படைப்பு மாறாதிருக்க, அதனை நோக்குவோரின் சமூக அனுபவம் மாறிவிடுகின்றது. ஜோன் ஹூஸ்ரன் நெறிப்படுத்தி 1941இல் வெளிவந்த ‘மோல்ற்றா வல்லூறு’ என்னும் அமெரிக்கத் துப்பறியும் திரைப்படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இதன் மூலநாவல் 1930இல் நூலுருப் பெற்றது. அதனை எழுதிய டஷீல் ஹமெற், பிங்கேற்றன் துப்பறியும் நிறுவனத்தில் ஊழியராக இருந்தவர். ஆதலால், மாளிகையொன்றில் அமர்ந்து அறிவுப் புதிர்களை விடுவிக்கும் மேதையாகவன்றி, கூலிக்குத் தொழில்புரியும் நகரவாசியாகவே தமது துப்பறிவாளன் சாம் ஸ்பேட் என்பவனை அவர் படைத்தார். விலைமதிக்கவொண்ணாத பறவைச் சிலையொன்றைத் தேடிச் சான் பிரான்சிஸ்கோ நகரிற் கூடுவோரின் பேராசை, பொய், கொலை, காட்டிக்கொடுப்பு ஆகியனவே கதைப்பொருளாகும். ஈற்றிற் கைக்கு வருவது ஈயத்தாலான போலிச் சிலையே.

இந்நாவல் 1931இலும் 1936இலும் ஏற்கெனவே படமாக்கப்பட்டிருந்தது. எனினும், ஹூஸ்ரனின் முதல் நெறியாள்கையான மூன்றாவது முயற்சியே நிலைபெற்றது. ஹமெற்றின் உரையாடல்களை அவர் பெரும்பாலும் அவ்வாறே கையாண்டார். இதற்கு நாவலின் உத்தி துணைநின்றது. ஆசிரியர் எந்தப் பாத்திரத்தின் மனத்துள்ளும் புகுவதில்லை. செயலையும் பேச்சையும் மட்டுமே பதிவுசெய்கிறார். ஒளிப்படக்கருவியின் நோக்கும் இத்தகையதே. ஸ்பேட்டாக நடித்த ஹம்பிரி போகார்ட்டின் முகத்திலிருந்து அவனது எண்ணத்தை ஊகிக்கும் பொறுப்பு முற்றாகப் பார்வையாளரையே சார்கிறது.

பார்வை மாற்றத்தின் முதற்கட்டம் விரைவிலேயே நிகழ்ந்தது. போர்க்காலத்தில் பிரான்சை எட்டாதிருந்த அமெரிக்கப் படங்கள் 1946இற் பாரிசில் ஒருசேரத் திரையிடப்பட்டபோது, நீனோ பிராங் என்ற விமர்சகர் இப்படத்தையும் உள்ளிட்ட சிலவற்றைக் ‘கறுப்புத் திரைப்படம்’ எனப் பெயரிட்டு வகைப்படுத்தினார். ஹொலிவூட் துப்பறியும் கதை என விற்றதில், நம்பிக்கையிழந்த உலகொன்றின் சித்திரத்தை அயல்நாட்டார் கண்டனர்.

இன்றைய பார்வையாளரை உறுத்துவன வேறு. ஜோயல் கைரோ என்னும் பாத்திரம் நாவலில் தன்பாலீர்ப்புடையவனாக வெளிப்படையாகவே சுட்டப்படுகிறான். 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட தணிக்கை விதிகள் அதற்கு இடமளிக்கவில்லை. ஆகவே நறுமணம், நளினமான உடை, மெல்லிய குரல் ஆகிய குறிப்புகளால் அது உணர்த்தப்படுகிறது. ஸ்பேட் அவனை அறையும் காட்சி நகைப்புக்குரியதாகவே அமைக்கப்பட்டுள்ளது. அந்நகைப்பில் இன்று பலரால் மனமொப்பிப் பங்குகொள்ள முடிவதில்லை.

இதனிலும் ஆழமானது பெண்பாத்திரம் பற்றிய வினா. பிறிஜிட் பொய்யுரைப்பவள், கொலையும் புரிந்தவள். ஸ்பேட் தான் காதலிக்கக்கூடும் என ஒப்புக்கொள்ளும் அவளைக் காவற்றுறையிடம் ஒப்படைக்கிறான். கொல்லப்பட்டவன் தன் தொழிற்பங்காளி என்பது அவன் கூறும் காரணங்களுள் ஒன்று. ஆயின், அப்பங்காளியின் மனைவியோடு கள்ள உறவு கொண்டிருந்தவனும் அவனே. குற்றவாளி தண்டிக்கப்படுதல் முறையாயினும், தண்டிப்பவனின் அறத்தகுதி யாது என இன்றைய பார்வையாளர் வினவுகின்றனர்.

இவ்வினாவைப் பிற்காலத்தவர் படைப்பின்மீது வலிந்து ஏற்றியதாகச் சிலர் குறைகூறுவர். இக்கூற்று நாவலை அறியாமையின் விளைவாகும். நாவலின் இறுதியில் ஸ்பேட்டின் செயலாளரான எஃபி, அவன் செய்தது சரியென அறிந்தும், அவன் தன்னைத் தொடுவதைப் பொறுக்காது விலகுகிறாள். அவனை அதுவரை முழுமையாக நம்பிய ஒருத்தியின் மௌனத் தீர்ப்பு அது. திரைப்படம் அப்பகுதியை நீக்கிவிட்டது. மின்னுயர்த்தியின் கம்பிக் கதவு சிறைக்கம்பிபோற் பிறிஜிட்டின் முகத்தில் நிழல்வீழ்த்த, ஸ்பேட் போலிச் சிலையுடன் படியிறங்குகிறான். எஃபியின் தீர்ப்பு மறைந்து, நாயகனின் துயரமே எஞ்சுகிறது. ஆகவே, இன்றைய பார்வையாளர் புதிதாக எதனையும் புகுத்தவில்லை. அகற்றப்பட்ட குரலையே மீட்டெடுக்கின்றனர் எனல் வேண்டும்.

இவ்விடத்து முற்போக்கு நோக்குடையோர் இரு தவறுகளைத் தவிர்த்தல் வேண்டும். பழைய படைப்பை இன்றைய அளவுகோலால் அளந்து ஒதுக்கிவிடுதல் ஒன்று. காலங்கடந்த கலையெனக் கூறி அதன் குறைகளை மறைத்தல் மற்றொன்று. பிணைநிதிக்குப் பணம் வழங்கியோரின் பெயர்களைக் கூற மறுத்து 1951இற் சிறைசென்றவர் ஹமெற். அவ்வுறுதி போற்றத்தக்கதேயாயினும், அதனைக் காட்டி அவரது நாவலின் தப்பெண்ணங்களை நாம் மன்னித்துவிட இயலாது.

படத்தின் மையக் கருத்தோ இன்றும் வலுவிழக்கவில்லை. பொருளின் மதிப்பு அப்பொருளில் இல்லை. அதனை நாடுவோரின் ஆசையே அதனை ஆக்குகின்றது. படப்பிடிப்பிற்கென ஈயத்தால் வார்க்கப்பட்ட சிலையொன்று 2013இல் நாற்பது இலட்சம் டொலருக்கும் மேலான தொகைக்கு ஏலம்போயிற்று. முழுப் படத்தையும் தயாரிக்க நான்கு இலட்சம் டொலர்கூடச் செலவாகவில்லை. போலியென்று கதையே பறைசாற்றிய பறவைக்குக் கிடைத்த விலை இது. திரையில் அப்பறவையைத் துரத்துவோரைக் கண்டு நகைக்குமுன் நாம் சிறிது தயங்குதல் நன்று.