மூணு வயசிலேயே தெரியுமா புல் அலர்ஜி?



பிள்ளை காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்முது, மூக்கு ஒழுகுது, கண்ணைக் கசக்குது. சளிதானே, போயிடும்னு விட்டுடுவோம். ஆனால் காய்ச்சலே இல்லாமல், வருஷா வருஷம் அதே பருவத்தில் வந்தால் அது அலர்ஜியாக இருக்கலாம்.

ஐரோப்பாவில் இதற்குப் பெரிய காரணம் புல். அங்கே மாட்டுத் தீவனமான திமோத்தி புல் பூக்கும்போது மகரந்தம் காற்றில் பறக்கும். 'வைக்கோல் காய்ச்சல்' என்று பெயர். வைக்கோலும் காரணமில்லை, காய்ச்சலும் கிடையாது!

இது எந்தப் பிள்ளைக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஜெர்மனியில் பெர்லின், மியூனிக் உள்ளிட்ட 5 நகரங்களில் 1990-ல் பிறந்த 1,314 குழந்தைகளை மருத்துவர்கள் வருஷக்கணக்கில் கவனித்து வந்தார்கள். அவர்களில் 820 பேரின் ரத்தத்தைச் சோதித்த முடிவு 2012-ல் வெளிவந்தது.

கிருமியை எதிர்க்க உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கும். சில பிள்ளைகளின் உடம்பு, ஒரு தீங்கும் செய்யாத மகரந்தத்தையும் எதிரின்னு நினைச்சு ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. முதலில் மகரந்தத்தில் உள்ள ஒரே ஒரு புரதத்துக்கு எதிராக, அதுவும் கொஞ்சமாக. தும்மலே இருக்காது. பிறகு ஒவ்வொரு புரதமாகச் சேரும். நம் குழு ஆரம்பித்த கதை மாதிரிதான். முதலில் ஒருத்தர், அப்புறம் ரெண்டு பேர், கடைசியில் தெருவே சேர்ந்தது. தும்மல் பெரும்பாலும் பிறகுதான் வருகிறது.

மூணு வயசில் இந்த எதிர்ப்பொருள் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 68 பேருக்கு 12 வயசுக்குள் நோய் வந்தது. மீதி 32 பேருக்கு வரவில்லை. எதிர்ப்பொருள் இல்லாதவர்களிலும் நூற்றுக்கு 16 பேருக்கு வந்தது. ஆக, இது ஜோசியம் இல்லை.

இந்தக் கணக்கை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் போடவும் முடியாது. நம் ஊரில் வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிதான் முக்கியக் காரணங்களில் ஒன்று. நன்றாக விளையாடும் பிள்ளைக்கு, வருமோ வராதோன்னு பயந்து, கடன் வாங்கி அலர்ஜி டெஸ்ட் எடுப்பது வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தெரிந்தாலும், வராமல் தடுக்கிற மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.

தொந்தரவு இருக்கிற பிள்ளை என்றால் விஷயம் வேறு. எந்த மாதம், எந்த நேரம், வீட்டுக்குள்ளா வெளியிலா, அப்பா அம்மாவுக்கு இதே தொல்லை உண்டா என்று குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போங்கள்.