பல் வயசைச் சொல்லும்... கண் ஆயுசைச் சொல்லும்!

மாசம் பொறந்தால் சம்பளம், மாசக் கடைசியில் கைமாத்து. இதற்கு நடுவில் ஊரிலிருந்து அப்பாவின் போன். "தம்பி, பத்து செம்மறிக் குட்டி வாங்கி விட்டா பொங்கலுக்குள்ள பணம் ரெண்டாயிடும்ப்பா!" பையனும் ஆபீஸில் லோன் போட்டு அனுப்புகிறான். கார்த்திகை மழை விட்டதும் அடுத்த போன். "நேத்து மூணு போச்சுப்பா..."

மழைக்காலத்தில் இப்படிப் போகிற குட்டிகள் பலவற்றுக்கு எமன், ஹீமாங்கஸ் என்ற புழு. நீளம் ரெண்டு, மூணு சென்டிமீட்டர்தான். ஆட்டின் நாலாவது வயிற்றில் குடித்தனம் பண்ணிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி. 'ப்பூ, இவ்வளவுதானா?' என்கிறீர்களா? ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 15 கிலோ குட்டிக்கு மொத்த ரத்தமே சுமார் ஒரு லிட்டர்தான்! பி.எஃப்., லோன், சீட்டு மாதிரி தினமும் பிடித்தம் போனால், கையில் என்ன மிஞ்சும்?

பெண் புழு தினம் 5,000 முட்டைக்குக் குறையாமல் போடும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் குஞ்சுப் புழுக்கள் புல்லில் ஏறி, அடுத்த ஆட்டுக்கு ரெடி!

லேபில் இதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். மெல்லிய குழாயில் ரத்தம் எடுத்து வேகமாகச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். ஆரோக்கியமான செம்மறிக்கு அது 100-க்கு 27-க்கு மேல் இருக்கணும். 15-க்குக் கீழே போனால் உயிருக்கு ஆபத்து.

சரி, மந்தை மொத்தத்தையும் லேபுக்கு ஓட்டிப்போக முடியுமா? தென்னாப்பிரிக்க கால்நடை டாக்டர்கள் 1990-களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஃபாஃபா மாலன் என்பவர் பெயரால் அதற்கு 'ஃபமாச்சா' என்று பெயர். ஓர் அட்டையில் அஞ்சு நிறம். பகல் வெளிச்சத்தில் ஆட்டின் கீழ் இமையை இழுத்து, உள்பக்கத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். நல்ல சிவப்பு என்றால் 1. காகிதமாய் வெளுத்திருந்தால் 5. நாலுக்கும் அஞ்சுக்கும் உடனே மருந்து. குட்டியாக இருந்தால் மூணுக்கே கொடுத்துவிடணும். தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

'எதுக்கு வம்பு, எல்லாத்துக்கும் ஊத்திடலாமே?' கூடாது சார்! கண்டபடி ஊத்தினால், மருந்துக்கு மசியாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். அப்புறம் எந்த பாட்டிலும் வேலை செய்யாது. மந்தையில் பெரும்பாலான புழு சில ஆடுகளிடம்தான் இருக்கும். மற்றவை சொந்த எதிர்ப்பு சக்தியில் சமாளித்துக்கொள்ளும்.

அந்த சக்தி எங்கிருந்து வருகிறது? பிறக்கும்போது குட்டியின் ரத்தத்தில் அம்மாவின் எதிர்ப்புப் பொருள் கிடையாது. செம்மறியின் நஞ்சுக்கொடி அதை அனுப்பாது. எல்லாம் சீம்பாலில்தான். முதல் 24 மணி நேரம் மட்டுமே குடல் அதை ரத்தத்துக்குள் விடும். அதிலும் முதல் சில மணி நேரம்தான் உத்தமம். 3 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 300 மில்லியாவது உள்ளே போகணும். புழுவைச் சமாளிக்கிற சக்தி மட்டும், புல் மேய்ந்து புழுவோடு பழகிப் பழகித்தான் வரும். அதற்குச் சில மாசம் ஆகும். அதுவரை கண்ணைப் பார்ப்பது நம்ம பொறுப்பு.

சில இனங்களுக்கு இது பரம்பரைச் சொத்து. சுந்தரவனத்துச் சதுப்பில் மேயும் 'கரோல்' செம்மறி இந்தப் புழுவைத் தாங்குவதில் பேர் வாங்கியது. அதனால் மருந்தில்லாமலே கண் சிவந்திருக்கிற கிடாவை விற்காமல் மந்தையிலேயே வைத்துக்கொள்வது லாபம்.

ஒரு எச்சரிக்கை: கண் வெளுக்க ஈரல் புழு, உண்ணி என்று வேறு காரணங்களும் உண்டு. மருந்து, அளவு எல்லாம் கால்நடை டாக்டர் சொல்லணும்.

சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர்கள், கூடவே இமையையும் இழுத்துப் பார்த்துவிடுங்கள். பல் வயசைத்தான் சொல்லும்!