450 வாட்னு போட்டிருந்தா போதுமா? அருப்புக்கோட்டை வெயிலுக்கும் லோ வோல்டேஜுக்கும் ஏற்ற எஸ்எம்பிஎஸ் எது?

வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் புது கிராபிக்ஸ் கார்டு போட்டால் வீடியோ எடிட்டிங் வேகமாகும், கேம் தடங்கல் இல்லாமல் ஓடும். ஆனால் கார்டுக்குக் காசு சேர்ப்பவர்கள் கடைசியாக நினைத்துப் பார்ப்பது எஸ்எம்பிஎஸ்ஸைத்தான். "கேபினட்டோட வந்ததே இருக்கே, அது போதும்" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எஸ்எம்பிஎஸ் தரமற்றதாக இருந்தால் தான் போவதோடு நிற்காது. மதர்போர்டு, கார்டு, ஹார்டு டிஸ்க் என எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கோடை வெயில், ஏறி இறங்கும் வோல்டேஜ், காய்ந்த மண்ணில் சரியாகப் பிடிக்காத எர்த், கரிசல் தூசி. வாட் எண்ணோடு இந்த நான்கையும் பார்த்துத்தான் எஸ்எம்பிஎஸ் வாங்க வேண்டும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

எத்தனை வாட் வேண்டும்?

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டிசி மின்சாரமாக மாற்றித் தருவதுதான் எஸ்எம்பிஎஸ் வேலை. இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் லைனில்தான் ஓடுகின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இன்டெல் ஐ5-12400 பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்கும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 282 வாட்.

அப்படியானால் 300 வாட் போதுமே? போதாது. கிராபிக்ஸ் கார்டு ஒரே சீராக மின்சாரம் எடுக்காது. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, வழக்கத்தைவிட அதிகமாக இழுத்துவிட்டு மறுபடி இறங்கும். அதையும் தாங்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது.

ஸ்டிக்கரில் எதைப் பார்க்கணும்?

பெரிய எழுத்தில் இருக்கும் "450" பல நேரம் வெறும் மாடல் பெயர். உண்மை பக்கவாட்டு ஸ்டிக்கரில், 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே இருக்கும் ஆம்பியரில் இருக்கிறது. 12 வோல்ட், 16 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்க, 192 வாட்தான். அதுவே 37 ஆம்பியர் என்றால் 444 வாட். இரண்டு டப்பாவிலும் 450 என்று அச்சடித்திருக்கலாம். ஆனால் மேலே பார்த்த கம்ப்யூட்டரை முதலாவதில் ஓட்டவே முடியாது.

பெரிய எஸ்எம்பிஎஸ் போட்டால் கரண்ட் பில் ஏறுமா?

ஏறாது. 650 வாட் எஸ்எம்பிஎஸ் போட்டாலும் கம்ப்யூட்டருக்குத் தேவையானதைத்தான் அது எடுக்கும். பில்லை மாற்றுவது அதன் செயல்திறன். அதைத்தான் "80 பிளஸ்" முத்திரை சொல்கிறது. பாதி லோடில், 115 வோல்ட் சோதனையில் பிரான்ஸ் வகை 85 சதவீதமும் கோல்டு வகை 90 சதவீதமும் தர வேண்டும். மீதி வெப்பமாக வெளியே போகும்.

282 வாட் கம்ப்யூட்டரைத் தினமும் 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால், 2 மாதத்தில் பிரான்ஸுக்கு சுமார் 80 யூனிட், கோல்டுக்கு சுமார் 75 யூனிட் ஆகும். வித்தியாசம் 5 யூனிட் கூட இல்லை. எனவே பில்லுக்காக மட்டும் கோல்டு வாங்க வேண்டிய அவசியமில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்க. 80 பிளஸ் என்பது செயல்திறனுக்கான சான்று மட்டுமே, பாதுகாப்புக்கான சான்று அல்ல.

லோ வோல்டேஜில் என்ன நடக்கும்?

டிரான்ஸ்பார்மரில் இருந்து தூரமாக, லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மோட்டார்கள் ஓடும் நேரம் பார்த்து வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால், அதே வேலைக்கு எஸ்எம்பிஎஸ் சுமார் 28 சதவீதம் அதிக ஆம்பியர் இழுக்கும். அதனால் உள்ளே சூடும் ஏறும்.

இங்கேதான் "ஆக்டிவ் பிஎஃப்சி" முக்கியம். இது இல்லாத மலிவு வகைகளில், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வரும் வோல்டேஜுக்கு ஏற்பத்தான் நிரம்பும். 180 வோல்ட்டில் அதில் சேரும் ஆற்றல் வழக்கத்தில் 61 சதவீதம்தான். லைட் ஒரு சிமிட்டு சிமிட்டினாலே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக்டிவ் பிஎஃப்சி இருந்தால் வெளியே வோல்டேஜ் இறங்கினாலும் கெப்பாசிட்டர் ஏறக்குறைய ஒரே அளவில் நிரம்பி நிற்கும்.

ஸ்டிக்கரில் "100–240 வோல்ட்" என்று இருக்கிறதா பாருங்க. இருந்தால் லோ வோல்டேஜுக்காகத் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய வகை. அதைத் தெரியாமல் 115-ல் வைத்து பிளக்கைச் சொருகினால், ஆன் செய்த நொடியே வெடிக்கும்.

வோல்டேஜ் தொடர்ந்து குறைவாகவே இருந்தால் 2021-ல் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துப் புகார் சொல்லலாம்.

வெயில் வாட்டைக் குறைக்குமா?

குறைக்கும். 80 பிளஸ் சோதனை நடப்பது சுமார் 23 டிகிரி செல்சியஸில். அருப்புக்கோட்டையில் கோடையில் 38, 40 டிகிரி என்பது புதிதல்ல. கேபினட்டுக்குள் இன்னும் அதிகம். 25 டிகிரியில் 550 வாட் தரும் எஸ்எம்பிஎஸ், இந்தச் சூட்டில் அதையே தரும் என்று சொல்ல முடியாது. எனவே எத்தனை டிகிரியில் அந்த வாட் கிடைக்கும் என்று கேளுங்க. 40 அல்லது 50 டிகிரி என்று குறிப்பிட்டிருந்தால் நல்லது.

கெப்பாசிட்டரும் அப்படித்தான். சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. 85 டிகிரி வகையைவிட 105 டிகிரி வகை கெப்பாசிட்டர் உள்ளதையே எடுங்க.

அடுத்தது தூசி. கரிசல் தூசியோடு, தறி ஓடும் வீடுகளில் பஞ்சும் சேர்ந்து ஃபேனை அடைக்கும். கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலில் வையுங்க. 2 மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியிலிருந்து பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்க. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் கழற்றாதீங்க. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

இன்வெர்ட்டர் இருந்தால் யுபிஎஸ் வேண்டாமா?

மின்சாரம் நின்றதும் நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 17 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும். அதற்குள் இன்வெர்ட்டர் மாறிவிட வேண்டும். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் "யுபிஎஸ்", "நார்மல்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் வைத்தால் வேகமாக மாறும். நார்மலில் வைத்தால் ஃபேனும் லைட்டும் தாங்கும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்றும் பார்க்கணும். ஸ்கொயர் வேவ் கரண்டில் சில ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்கள் மக்கர் செய்யும், நின்றும் போகும்.

தனி யுபிஎஸ் வாங்குவதாக இருந்தால் விஏ எண்ணை வாட் என்று நினைத்துவிடாதீங்க. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். மேலே சொன்ன கம்ப்யூட்டரும் மானிட்டரும் முழு வேகத்தில் ஓடினால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். 600 வாட் தரும் யுபிஎஸ்தான் பாதுகாப்பு.

கேபினட்டைத் தொட்டால் ஷாக் அடிப்பது ஏன்?

மின் இரைச்சலை வடிகட்ட எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் சிறு கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இல்லாவிட்டால், அந்த மின்சாரம் போக வழியில்லாமல் கேபினட் தகட்டிலேயே பாதி வோல்டேஜ், அதாவது சுமார் 115 வோல்ட் நிற்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்று மட்டும் தெரியும். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் வேறு பழுது வந்தால், எர்த் இல்லாத அதே தகடு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

கரிசல் மண் கோடையில் காய்ந்து வெடிப்பு விடும். ஈரம் இல்லாத மண்ணில் எர்த் பிடிக்காது. எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். ஷாக் அடித்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதியுங்க. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிட்டுப் பயன்படுத்தவே கூடாது.

கடைக்குப் போகும் முன் கவனிக்க:

• பிராசஸர், கார்டு இரண்டின் வாட்டையும் எழுதிக்கொள்ளுங்க. கார்டு நிறுவனம் சொல்லும் எஸ்எம்பிஎஸ் அளவுக்குக் கீழே இறங்காதீங்க.

• ஸ்டிக்கரில் 12 வோல்ட் ஆம்பியர், 100–240 வோல்ட், ஆக்டிவ் பிஎஃப்சி மூன்றும் இருக்கிறதா பாருங்க.

• பிஐஎஸ் பதிவு எண்ணைத் தேடுங்க. "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும். பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று தெரிந்துவிடும்.

• கார்டுக்கு வேண்டிய 8 முள் கேபிள் இருக்கிறதா? கன்வெர்ட்டர் போட்டுச் சமாளிக்காதீங்க.

• வாரண்டி எத்தனை வருஷம், பழுதானால் உள்ளூரிலேயே வாங்கிக்கொள்வார்களா, மதுரைக்கு அனுப்பணுமா என்று கேட்டு, பில்லில் சீரியல் எண்ணோடு வாங்குங்க.

பட்ஜெட் இடித்தால், கார்டில் ஒரு படி இறங்கலாம். அடுத்த வருஷம் அதை விற்றுவிட்டுப் பெரியது வாங்கிக்கொள்ள முடியும். எஸ்எம்பிஎஸ்ஸில் இறங்கினால், விற்பதற்கு அந்தக் கார்டே மிஞ்சாமல் போகலாம்.