ஃப்ரெண்ட்ஸோடு சாஃப்ட்வேர் கன்சல்டன்சி: முதல் பில் காசு வரும்வரை செலவு யாருடையது?

"சார், நாங்க மூணு பேரும் டெவலப்பர்ஸ். ஒரு கிளையன்ட் ரெடி. எல்எல்பியா, பிரைவேட் லிமிடெடா?" என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் திருப்பிக் கேட்பது வேற: முதல் பில்லுக்குக் காசு வரும்வரை மூணு வீட்டு வாடகையும் யார் கட்டுவீங்க?

கன்சல்டன்சிக்கு இன்வெஸ்டரைத் தேடி அலைய வேண்டாம். நீங்க விற்பது உங்க நேரத்தை. வேலை முடிவதற்கும் பணம் வருவதற்கும் இடையில் சமாளிக்கத்தான் காசு வேணும். அது எவ்வளவுன்னு போட்டுப் பார்ப்போம்.

ஏப்ரல் வேலைக்கு மாசக் கடைசியில் 4 லட்சம் பில். 18% ஜிஎஸ்டி சேர்த்து 4,72,000. கிளையன்ட் 60 நாள் கேட்கிறார், அதாவது ஜூன் கடைசி. ஆனால் மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் என்றால் அந்த 72,000-ஐ மே 20க்குள் கட்டியாகணும். கிளையன்ட் கொடுத்தாரா என்று யாரும் கேட்கமாட்டாங்க. மே மாத பில்லுக்கு ஜூன் 20ல் இன்னொரு 72,000. வீட்டுச் செலவுக்கு ஆளுக்கு மாசம் 40,000 எடுத்தால் மூணு மாசத்தில் 3,60,000. ஆக, ஒரு ரூபாய் உள்ளே வருவதற்கு முன்னாடியே 5,04,000 வெளியே போயிருக்கும். வருவதும் முழுசா வராது. 10% டிடிஎஸ் பிடித்தால் கைக்கு 4,32,000தான். அந்த 40,000 பின்னாடி வரியில் கழியும், ஆனால் ஜூலை வாடகைக்கு உதவாது.

இந்தச் சுமையைக் குறைக்க வழி இருக்கு. முதல் மாசத்துக்கு அட்வான்ஸ் கேளுங்க. உத்யம் பதிவு இலவசம், உடனே எடுங்க. சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது சட்டம். வெளிநாட்டு கிளையன்ட் என்றால் எல்யூடி போட்டு ஜிஎஸ்டி இல்லாமலே பில் பண்ணலாம். பே ஸ்லிப் இருக்கும்போதே ஒரு பர்சனல் லோன் எடுத்துட்டு ரிசைன் பண்ணும் ஐடியா மட்டும் வேண்டாம். இஎம்ஐ அடுத்த மாசமே ஆரம்பிச்சிடும்.

அடுத்தது, நட்பு உடையும் இடம். ஒருத்தர் 3 லட்சம் போடுவார். இன்னொருத்தர் காசு போடமாட்டார், வேலையை விட்டுட்டு முழு நேரம் வருவார். மூணாவது ஆள் வேலையில் இருந்துகொண்டே ராத்திரி கோட் எழுதுவார். (இவர் முதலில் தன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படிக்கட்டும். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை வேலையை விட்டு நீக்கியதாக விப்ரோ 2022ல் சொன்னது.) எதுவும் எழுதி வைக்கவில்லை என்றால் எல்எல்பி சட்டப்படி மூணு பேருக்கும் லாபம் சமம். முழு நேரம் உழைத்தவர் சம்பளமும் கேட்க முடியாது.

என் யோசனை இது. 3 லட்சத்தைப் பங்காகச் சேர்க்காமல், வட்டியோடு எல்எல்பிக்குக் கொடுத்த கடனா எழுதுங்க. முழு நேர ஆளுக்கு மாதச் சம்பளம் வைங்க. அதுக்கப்புறம் மிஞ்சுவதில் பங்கு. அந்தப் பங்கும் வருஷத்துக்குக் கால்வாசியா நாலு வருஷத்தில் சேரட்டும். எட்டாவது மாசம் ஒருத்தருக்கு ஆன்சைட் ஆஃபர் வந்தால் என்ன செய்வதுன்னு அப்போ சண்டை வராது.

எல்எல்பி பதிவான 30 நாளுக்குள் இந்த ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்யணும். அந்த அவசரத்தில்தான் பலர் நெட்டில் கிடைத்த டெம்ப்ளேட்டில் பேரை மட்டும் மாத்தி அப்லோட் பண்ணிடுறாங்க. பதிவுக்கு முன்னாடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதி முடிச்சிடுங்க. வீட்டில் இருப்பவங்களையும் கூப்பிடுங்க. அந்த 40,000-ல் குடும்பம் நடத்தப் போவது அவங்களும்தானே.