கழுவிப்போகும் அயோடின், இலையில் தங்கும் புளோரின்

2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மலைச்சரிவில் இறங்கும் மழைநீர் மண்ணோடு அயோடினையும் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோகிறது. உலகெங்கும் மலைமண்ணில் அயோடின் குறைவாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கழுத்தில் தெரியும் குறை

அயோடினும் புளோரினும் குளோரினும் ஒரே குடும்பம். உலோகத்தோடு சேர்ந்து உப்பாவதால் பாடநூல்கள் இவற்றை உப்பீனிகள் என்கின்றன.

மண்ணில் அயோடின் குறைந்தால் அங்கே விளையும் உணவிலும் குறையும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், கர்ப்பிணிக்கு 250. வாழ்நாள் முழுவதற்குமான அளவே ஒரு டீஸ்பூனுக்குள் அடங்கிவிடும். ஆனால் தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள் வேண்டும். கிடைக்காதபோது தைராய்டு சுரப்பி வீங்குகிறது. அதுதான் முன்கழுத்துக் கழலை. கழுத்து வீக்கமாவது கண்ணுக்குத் தெரியும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவது வெளியே தெரியாது, பின்னால் சரிசெய்யவும் முடியாது.

ஊட்டித் தோட்டங்களில் விளையும் முட்டைக்கோஸில் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும் பொருள்கள் சிறிதளவு உண்டு. அதற்காகக் கோஸை ஒதுக்க வேண்டியதில்லை. வேகவைத்தால் அவை குறையும். உணவில் அயோடின் போதுமான அளவு இருந்தால் பாதிப்பும் இல்லை.

உப்பு ஜாடியின் மூடி

இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு கழலையைக் குறைப்பதை நிரூபித்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 2006 மே முதல், அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கென விற்க நாடெங்கும் தடை உள்ளது.

வீட்டுக்கு வந்து சேரும் ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். குன்னூர் மூடுபனியில் திறந்து கிடக்கும் உப்பு கசிந்தால் அயோடினும் குறையும். ஈரம் ஏறாமலிருக்க அடுப்பருகே வைப்பதிலும் பயனில்லை; சூட்டிலும் அது குறையும். இறுக மூடிய ஜாடியே நல்லது. குழம்பை இறக்கும் நேரத்தில் உப்புப் போடலாம். உப்பளத்திலிருந்து நேராக வரும் கல் உப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்க்கப்படுவதில்லை. பொட்டலத்தைப் பார்த்து வாங்குவது அவசியம்.

தேநீர்க் கோப்பையில்

அதே குடும்பத்துப் புளோரினின் கதை வேறு. தேயிலைச் செடி அமில மண்ணிலிருந்து அதைப் புளோரைடாக உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கிறது. இலை முற்ற முற்ற அளவு கூடும். முற்றிய இலைகளை அழுத்திச் செய்த கட்டித் தேயிலையைக் காய்ச்சிக் குடிக்கும் திபெத்தில் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. நீலகிரியில் நல்ல தேயிலைக்குப் பறிப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்து. அதில் புளோரைடு குறைவு. முற்றிய இலை கலந்த மலிவான தூளை நெடுநேரம் கொதிக்கவிட்டு நாள் முழுக்கக் குடிப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். பால்பல் முளைக்கும் வயதிலேயே குழந்தைக்கு அந்தக் கடுந்தேநீரைக் கொடுக்க வேண்டாம்: உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களில்தான் மிகையான புளோரைடு கறையை உண்டாக்குகிறது.