மதுவக் கலத்துள் ஒரு பச்சை விளக்கு

உயிரை ஆராயப் புகுந்தவர் முதலில் அவ்வுயிரைக் கொல்ல நேர்வது உயிரியலில் நெடுங்காலம் இருந்துவந்த ஓர் இடர்ப்பாடாகும். கலத்தின் உள்ளுறுப்புக்கள் பெரும்பாலும் நிறமற்றவை. ஆதலின் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோதும் அவை தெளிவாகப் புலப்படுவதில்லை. அவற்றைக் காணுதற்பொருட்டுக் கலத்தை மதுசாரம், போமலின் முதலியவற்றாற் பதப்படுத்திச் சாயமூட்டுவர். அவ்வாறு செய்தவிடத்து உறுப்பின் வடிவந் தோன்றுமேயன்றித் தொழில் தோன்றாது. தேர்முட்டியில் நிற்குந் தேரைப் பார்த்து அது வீதியில் ஓடும் வகையை அறிய முயல்வது போன்றதே இம்முறையாகும். கலத்தைக் கொல்லாமலே அதனுள் ஒரு குறித்த புரதம் எங்குளது, எப்பொழுது இடம்பெயர்கின்றது என்று காணல் கூடுமோ என்னும் வினாவுக்கு விடை, கடல்வாழ் இழுதுமீன் ஒன்றிலிருந்து கிடைத்தது.

1961ஆம் ஆண்டுக் கோடையில் யப்பானிய விஞ்ஞானியாகிய ஒசாமு சிமோமுராவும், பிறின்சுற்றன் பல்கலைக்கழகத்துப் பிராங் யோன்சனும் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்துப் பிறைடே ஆபர் என்னுங் கடற்கரையூரில் ஏறக்குறைய 10,000 இழுதுமீன்களைச் சேகரித்தனர். அவற்றிலிருந்து நீலவொளி வீசும் ஏக்குவோரின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். 1962இல் வெளிவந்த அவர்தங் கட்டுரையில், ஊதா கடந்த கதிர் பட்டபோது பச்சையாய் ஒளிரும் மற்றொரு புரதமும் உடன் கிடைத்தமை சிறு குறிப்பாக இடம்பெற்றது. அக்குறிப்பின் பெருமை முப்பதாண்டுகளின் பின்னரே வெளிப்பட்டது. 1992இல் தக்கிளசு பிராசர் அப்பச்சைப் புரதத்துக்குரிய பரம்பரையலகைப் பிரித்தெடுத்தார். தம் ஆய்வைத் தொடர்தற்குரிய பணவுதவி கிடையாதொழியவே, அவர் அதன் பிரதியைப் பிறருக்கு வழங்கினார். அப்பிரதியைக் கொண்டு 1994இல் மாட்டின் சால்பி பற்றீரியாவையும் சிறு புழுவொன்றின் நரம்புக் கலங்களையும் பச்சையாய் ஒளிரச் செய்தார். உரோசர் சியன் அதனை மேலும் பிரகாசமுடையதாக்கியதோடு வேறு நிறங்களையுந் தோற்றுவித்தார். சிமோமுரா, சால்பி, சியன் ஆகிய மூவரும் 2008இல் இரசாயனவியலுக்கான நோபெற் பரிசைப் பெற்றனர். ஒரு பரிசை மூவருக்கு மேற் பகிர்தலாகாது என்பது விதி. ஆயினும் பின்னிருவர் தொழிலுக்கும் அடிப்படையாய் அமைந்தது பிராசரின் கொடையே.

இப்புரதத்தின் தனிச்சிறப்பு யாதெனின், அது ஒளிர்தற்கு வேறு நொதியத்தின் துணையை வேண்டாமையாகும். 238 அமினோவமிலங்களால் ஆகிய அதன் சங்கிலி ஒரு பீப்பாய் போல மடிகின்றது. அப்பீப்பாயின் நடுவே அமையும் 65ஆம், 66ஆம், 67ஆம் அமினோவமிலங்கள் ஒட்சிசனின் உதவியால் தாமே ஒளிருங் கூறாக மாறுகின்றன. நீலவொளி அதன்மீது விழ, அது பச்சையொளியை உமிழ்கின்றது. ஆகவே பரம்பரையலகை மாத்திரம் ஒரு கலத்துக்கு அளித்தாற் போதும். விளக்கைக் கலம் தானே ஆக்கிக்கொள்ளும்.

இவ்விளக்கை ஏற்றுதற்கு மிகப் பொருந்திய இடங்களுள் ஒன்று மதுவக் கலமாகும். பாண் மாவைப் பொங்கச் செய்யும் இந்நுண்ணுயிர் ஏறக்குறைய 5 மைக்குரோமீற்றர் விட்டமுடையது. நல்லுணவு கிடைப்பின் ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பது. மனிதக் கலத்தைப்போலவே கருவுடையது. ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகளைக் கொண்ட அதன் முழுப் பரம்பரை வரிசையும் 1996இல் அறியப்பட்டது. ஒரு பரம்பரையலகின் இறுதியில் ஒளிர்புரதத்தின் பரம்பரையலகை மிகச் சரியாகப் பொருத்துதலும் மதுவத்தில் எளிது. அப்பொழுது கலம் அப்புரதத்தை ஆக்குந்தோறும் அதன் வாலில் ஒரு பச்சை விளக்கும் சேர்ந்தே ஆகின்றது. சன்பிரான்சிசுக்கோவிலுள்ள கலிபோணியாப் பல்கலைக்கழகத்தார் இம்முறையை ஒவ்வொரு பரம்பரையலகிலும் முயன்று, 4,156 புரதங்களின் உறைவிடங்களை 2003இல் வெளியிட்டனர். மதுவத்தின் புரதங்களுள் நான்கில் மூன்று பங்குக்கு இவ்வாறு முகவரி கிடைத்தது.

முகவரியினும் மேலானது நடமாட்டத்தைக் காண்டல். மிக்-1 என்னும் புரதத்தை உதாரணமாகக் கொள்ளலாம். குளுக்கோசு நிறைந்திருக்கும்போது இது கருவினுள் தங்கி, வேறு வெல்லங்களைப் பயன்படுத்துதற்குரிய பரம்பரையலகுகளை அடக்கி வைக்கின்றது. குளுக்கோசை நீக்கியதும் பச்சையொளி சில நிமிடங்களிற் கருவைவிட்டு வெளியே பரவுகின்றது. மீண்டும் குளுக்கோசை அளிக்க, ஒளி கருவுக்குத் திரும்புகின்றது. 1997இல் வெளியான இவ்வாராய்ச்சி, உணவின் மாற்றத்தைக் கலம் எவ்வளவு விரைவில் உணர்ந்து தன் ஆட்சியை மாற்றுகின்றது என்பதைக் கண்ணாற் காணச் செய்தது. இறந்த கலத்திற் சாயமூட்டிப் பார்ப்பின் ஒரு கணத்து நிலையே தோன்றும். ஒரே கலத்திற் போக்கும் வரவும் தோன்றா.

எனினும், விளக்கு காட்டுவன அனைத்தையும் ஆராயாது நம்புதல் தகாது. 238 அமினோவமிலங்கள் சிறு பாரமல்ல. சில புரதங்களினும் அவ்விளக்கே பெரிது. பாரம் ஏறிய புரதம் தன் தொழிலை மறத்தலும், செல்லவேண்டிய இடத்துக்குச் செல்லாதொழிதலும் உண்டு. ஆகவே ஆராய்ச்சியாளர் முதலிற் செய்யுஞ் சோதனை ஒன்றுண்டு. வாழ்வுக்கு இன்றியமையாத ஒரு புரதத்தில் விளக்கைப் பொருத்தி, விளக்கில்லாத பிரதி எதனையும் கலத்தில் வையாது விடுவர். கலம் வழமைபோல் வளருமாயின், அப்புரதம் பாரத்தோடும் தொழில் செய்கின்றதென்பது தெளிவு. வேறு தடைகளும் உள. புதிதாய்த் தோன்றிய புரதம் ஒளிருந் தகுதி பெறுதற்குச் சிறிது காலம் வேண்டும். ஒட்சிசனின்றியும் வாழவல்ல மதுவம், ஒட்சிசனில்லாவிடத்து இவ்விளக்கை ஏற்றமாட்டாது. கடுமையான ஒளியை நெடுநேரம் பாய்ச்சினால் விளக்கும் மங்கும்; கலமும் ஊறுபடும். உயிரைக் கொல்லாது காணவந்த முறை, அளவு கடப்பின் உயிரைக் கொல்லும் முறையாகிவிடும்.

மதுவத்திற் காண்பதால் மனிதருக்கு ஆவதென்னை என்று வினவுவார்க்கு ஒரு விடை கூறலாம். பட்டினியுற்ற மதுவக் கலம் தன் உறுப்புக்களிற் சிலவற்றைத் தானே சீரணித்துப் பிழைக்கும் வகையை யொசினோரி ஒசுமி நுணுக்குக்காட்டியிற் கண்டு 1992இல் வெளியிட்டார். அதன் பொறிமுறைகளைக் கண்டறிந்தமைக்காக 2016இல் மருத்துவத்துக்கான நோபெற் பரிசு பெற்றார். அத்தொழிலிற் பங்குகொள்ளும் புரதமொன்றிற் பச்சை விளக்கைப் பொருத்தி மதுவத்தில் அதனைத் தொடர்கின்றனர். அதற்கு ஒப்பான புரதம் மனிதக் கலத்திலும் உண்டு. அங்கும் அதே விளக்கு அதே வழியைக் காட்டுகின்றது.

ஒரு சிறு குறிப்பாகத் தொடங்கிய ஒளி இவ்வாறு பல்லாயிரம் ஆய்வுகூடங்களிற் பரவியுள்ளது. அதனைக் கையாள்வோர்க்கு வேண்டுவன இரண்டு: காண்டற்குரிய கூர்மையும், கண்டதைச் சோதித்தற்குரிய பொறுமையும். இவ்விரண்டும் கூடியவிடத்தே உயிர் தன் தொழிலைத் தானே செய்துகாட்டுகின்றது.